ஆரக்கால் தகடும் சுழல் ஒளியும்

சாதாரணக் கோரைப்பாய் ஒன்றைச் சுருட்டிப் பாருங்கள். நீளவாக்கில் சுருட்டினால் சொன்னபடி கேட்கும். குறுக்குவாக்கில் சுருட்டப் போனால் கோரைதான் முறியும், பாய் வளையாது. பாய் முழுக்க ஒரே கனம், ஒரே கோரை. ஆனாலும் கோரை படுத்திருக்கும் திசையில் ஒரு குணம், அதற்குக் குறுக்கே வேறொரு குணம். பத்தமடைக்குப் பக்கத்து ஊரில் வளர்ந்தவன் நான். ஒளியியலில் 'அலைத் தகடு' என்ற பொருளைப் பற்றி முதன்முதலாகப் படித்த அன்று என் நினைவுக்கு வந்தது இந்தப் பாய்தான்.

இந்தக் கட்டுரை சுழல் ஒளியைப் பற்றியது. நடுவில் இருட்டு, சுற்றிலும் வெளிச்ச வளையம், உள்ளே திருகாணி மரை போல முறுக்கிக்கொண்டு போகும் அலை. இப்படியொரு ஒளிக்கற்றையை உண்டாக்கப் பல வழிகள் உண்டு. கண்ணாடியைச் சுழற்படிக்கட்டு போலப் படிப்படியாகக் கனம் கூட்டிச் செதுக்குவது ஒரு வழி. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு வழி. அதில் தகடு தட்டையாக இருக்கும், எங்கும் ஒரே கனம், மேடு பள்ளம் எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் 'கோரை'யின் திசை மட்டும் இடத்துக்கு இடம் மாறும். அவ்வளவுதான். அதற்குள் புகுந்து வெளியே வரும் ஒளி முறுக்கேறி வந்துவிடும்.

இதை என் அக்கா மகளிடம் சொன்னபோது அவள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. பிளஸ் டூ படிக்கிறாள்.

"மாமா, தகடு எங்கேயும் ஒரே கனம்னு சொல்றீங்க. அப்போ எல்லா இடத்திலேயும் ஒளி ஒரே அளவுதானே தாமதமாகும்? முறுக்கு எங்கேயிருந்து வருது?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் விஷயம் முழுக்கத் தெரிந்த மாதிரி. அதற்கு முன்னால் இரண்டு மூன்று சாமான்களை எடுத்து வைத்துக்கொள்வோம்.

ஒளி ஓர் அலை. அது போகும் திசைக்குக் குறுக்கே மின்புலம் ஆடுகிறது. கயிற்றின் ஒரு முனையைக் கிணற்றடித் தூணில் கட்டி, மறுமுனையைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். கயிறு ஒரே தளத்தில் நெளியும். இது நேர்க்கோட்டுத் தளவிளைவு. ஆட்டுவதற்குப் பதிலாகக் கையை வட்டமாகச் சுழற்றினால் கயிறும் வட்டமடிக்கும். இது வட்டத் தளவிளைவு. வலமாகச் சுற்றலாம், இடமாகவும் சுற்றலாம். வட்டத் தளவிளைவுள்ள ஒளிக்கற்றையில் ஏதாவது ஓரிடத்தில் நின்று மின்புலத்தை மட்டும் பார்க்க முடிந்தால், அது கடிகார முள் போலச் சுற்றிக்கொண்டிருக்கும். சிவப்பு லேசரில் அந்த முள் நொடிக்கு ஏறக்குறைய 4.7 கோடி கோடி சுற்று சுற்றுகிறது.

வட்டத் தளவிளைவைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. 3டி படம் பார்க்கத் தரும் கண்ணாடி இருந்தால் போதும். எல்லாத் தியேட்டரிலும் ஒரே வகைக் கண்ணாடி தருவதில்லை, ஆனால் உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்பதை இந்தச் சோதனையே சொல்லிவிடும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணை மூடுங்கள். திறந்திருக்கும் கண்ணுக்கு மேலே உள்ள வில்லை கறுப்பாகத் தெரிந்தால் அது வட்டத் தளவிளைவு வகை. திறந்த கண்ணே தெரியாது, மூடிய கண் மட்டும் தெரியும். காரணம் எளிது. உங்கள் முகத்தில் பட்டு, வலமாகச் சுற்றும் ஒளியாக வில்லையிலிருந்து வெளியேறியது, நிலைக்கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது இடமாகச் சுற்றும் ஒளியாகிவிடுகிறது. வலத்தை மட்டும் விடும் வில்லை அதை உள்ளே விடாது. பிரதிபலிப்பு என்பது சுற்றும் திசையை மாற்றிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

அடுத்தது அலைத் தகடு. 1669ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த எராஸ்மஸ் பார்த்தொலின், ஐஸ்லாந்திலிருந்து வந்த கால்சைட் படிகத்தின் வழியாகப் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று எழுதி வைத்தார். இரட்டை ஒளிவிலகல் என்று நம் பாடப்புத்தகம் சொல்வது இதுதான். படிகத்துக்குள் கோரை போல ஒரு திசை இருக்கிறது, அதை அச்சு என்பார்கள். அந்தத் திசையில் ஆடும் ஒளி ஒரு வேகத்தில் போகிறது, குறுக்கே ஆடும் ஒளி வேறு வேகத்தில் போகிறது. தகட்டின் கனத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், ஒன்று மற்றதைவிடச் சரியாக அரை அலைநீளம் பின்தங்கும்படி செய்யலாம். அதுதான் அரை அலைத் தகடு. கால் அலைநீளம் பின்தங்கினால் கால் அலைத் தகடு. நேர்க்கோட்டு ஒளியை வட்ட ஒளியாக்குவது அதன் வேலை. குவார்ட்ஸில் இரண்டு ஒளிவிலகல் எண்களுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 0.009. ஆகவே சிவப்பு ஒளிக்கு அரை அலைத் தகடு செய்ய 35 மைக்ரான் கனம் போதும். தலைமுடியின் கனத்தில் பாதி.

அரை அலை பின்தங்கினால் என்ன ஆகும்? மின்புல முள்ளை இரண்டு பங்காகப் பிரியுங்கள்: அச்சோடு ஒரு பங்கு, அச்சுக்குக் குறுக்கே ஒரு பங்கு. அரை அலை பின்தங்கிய பங்கு தலைகீழாகிவிடும். ஒரு பங்கு அப்படியே இருக்க மற்றது தலைகீழானால், அது கண்ணாடியில் தெரியும் பிம்பம்தான். அதாவது அரை அலைத் தகடு, உள்ளே வரும் முள்ளைத் தன் அச்சில் நிறுத்திய கண்ணாடி போலப் பிரதிபலித்து வெளியே விடுகிறது. முழுக் கட்டுரைக்கும் ஆணிவேர் இந்த ஒரு வாக்கியம்.

அக்கா மகளை உட்கார வைத்துக் காட்டியது இது. ஒரு தாளில் கடிகார முகம் வரைந்தோம், 12 எண்களோடு. நடுவிலிருந்து 3ஐப் பார்த்தபடி ஒரு தீக்குச்சி, மருந்துத் தலை 3இன் பக்கம். பவுடர் டப்பாவில் வரும் சின்னக் கண்ணாடியை 12க்கும் 6க்கும் நடுவே நேராக, தாளின் மேல் செங்குத்தாக நிறுத்தினாள். பிம்பத்தில் குச்சியின் தலை எங்கே? 9இல். சரி, கண்ணாடியை ஒரு மணி தள்ளி 1க்கும் 7க்கும் நடுவே வை. குச்சியைத் தொடாதே. இப்போது பிம்பத்தின் தலை 11இல் நிற்கிறது. கண்ணாடி நகர்ந்தது ஒரு மணி, பிம்பம் நகர்ந்தது இரண்டு மணி. இன்னொரு மணி தள்ளி 2-8 கோட்டில் வைத்தால் பிம்பம் 1க்குப் போகிறது. மறுபடியும் இரண்டு மணி.

"கண்ணாடியை எவ்வளவு திருப்புறோமோ அதுல ரெண்டு பங்கு திரும்புது மாமா."

ஆமாம். அவள் கேட்ட கேள்விக்கு அவளே சொன்ன பதில் இது. குச்சியை மெல்ல வலமாகச் சுற்றிப் பார்த்தால் பிம்பம் இடமாகச் சுற்றும். ஆக, வலமாகச் சுற்றும் ஒளி அரை அலைத் தகட்டின் வழியே போனால் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, இடமாகச் சுற்றும் ஒளியாகிறது. இரண்டு, அதன் முள் தகட்டின் அச்சுக் கோணத்தைப் போல இரு மடங்கு முன்கூட்டியே திருப்பி வைக்கப்படுகிறது. தகட்டின் கனம் மாறவே இல்லை. அச்சைத் திருப்பியதாலேயே கடிகாரத்தின் நேரம் மாறிவிட்டது. இயற்பியலில் இந்த நேரத்துக்குக் கட்டம் என்று பெயர்.

இப்போது மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்திலிருந்து நாலாபுறமும் ஆரக்கால்கள் விரிந்து வட்டையைத் தொடுகின்றன. நம் தகட்டுக்குள் இருக்கும் கோரையை எல்லாம் ஆரக்கால் போல அடுக்கிவிட்டோம் என்று வையுங்கள். தகட்டின் வலப்பக்கம் அச்சு கிடையாக, மேலே நட்டமாக, இடையில் சாய்வாக. வட்டத்தை ஒரு முறை சுற்றி வந்தால் அச்சும் ஒரு முறை முழுதாகத் திரும்பிவிடுகிறது. இந்தத் தகட்டின் மேல் வட்டத் தளவிளைவுள்ள லேசரை விடுங்கள். உள்ளே போகும்போது கற்றையின் எல்லா இடத்திலும் கடிகாரங்கள் ஒரே நேரத்தைக் காட்டின. வெளியே வரும்போது அப்படி இல்லை. ஓரிடத்தில் 12 என்றால், கொஞ்சம் தள்ளி 1, இன்னும் தள்ளி 2. அச்சு ஒரு சுற்று திரும்புவதால் முள் இரண்டு சுற்று திரும்புகிறது. வட்டத்தை ஒரு முறை சுற்றி வருவதற்குள் கடிகாரங்கள் 24 மணி நேரத்தைக் கடந்துவிடுகின்றன.

ஒரே நேரம் காட்டும் கடிகாரங்களையெல்லாம் கோடு போட்டு இணைத்தால் கிடைப்பதுதான் அலைமுகப்பு. சாதாரண லேசரில் அது தட்டையான தாள்களை அடுக்கியது போல இருக்கும். இங்கே அது திருகுப் பரப்பாகிவிட்டது. இரண்டு சுற்று என்பதால் ஒற்றைத் திருகு இல்லை, ஒன்றுக்குள் ஒன்று பின்னிய இரண்டு திருகுகள். தென்னங்கயிறு திரிப்பவர்கள் இரண்டு புரியை முறுக்குவார்களே, அதே அமைப்பு. முறுக்கு எண் 2 என்று சொல்வார்கள்.

சரி, நடு மையத்தில் கடிகாரம் என்ன நேரம் காட்டும்? ஒரு பக்கத்திலிருந்து வந்தால் 12, வேறு பக்கத்திலிருந்து வந்தால் 5. எல்லா நேரமும் அங்கே வந்து முட்டுகின்றன, ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. எதுவும் மிஞ்சாது. அதனால்தான் நடுவில் இருட்டு. வடகிழக்குப் பருவமழையில் தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது குறுக்குத்துறைப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்குச் சுழியின் நடுவில் விழும் குழி தெரியும். ஒளிச்சுழலுக்கு அந்தப் பெயர் பொருந்துவது இதனால்தான். ஆனால் ஒப்புமையை ஓர் எல்லைக்குமேல் இழுக்கக்கூடாது. ஆற்றில் தண்ணீர் சுற்றிச் சுற்றி வெளியே தள்ளப்படுவதால் குழி விழுகிறது. ஒளியில் இருட்டு வருவது அலைகள் ஒன்றையொன்று அழிப்பதால்.

முறுக்கு எண் 1 வேண்டுமென்றால்? வட்டத்தைச் சுற்றி வருவதற்குள் அச்சு அரைச் சுற்று மட்டும் திரும்பினால் போதும். அரைச் சுற்று திரும்பினால் தொடங்கிய இடத்தில் பொருந்தாதே என்று தோன்றும். பொருந்தும். தீக்குச்சிக்குத் தலை உண்டு, கோரைக்குத் தலை கிடையாது. கோரையை 180 பாகை திருப்பிப் போட்டாலும் அதே கோரைதான். ஆகவே வலப்பக்கம் கிடையாகத் தொடங்கி, மேலே வரும்போது 45 பாகை சாய்ந்து, இடப்பக்கம் நட்டமாகி, சுற்றி வந்து மறுபடி கிடையாக முடியலாம். இந்தத் தகட்டில் இன்னொரு வசதி உண்டு. வட்ட ஒளிக்குப் பதிலாக நேர்க்கோட்டு ஒளியை அனுப்பினால், வெளியே வரும் ஒளியின் தளவிளைவே ஆரக்கால் போல நாலாபுறமும் விரிந்திருக்கும். உள்ளே போகும் ஒளியை 90 பாகை திருப்பினால் வட்டை போல வளையமாகச் சுற்றி நிற்கும். ஒரே தகடு, அனுப்பும் ஒளியை மாற்றினால் சுழல் ஒளி, ஆர ஒளி, வளைய ஒளி மூன்றும் கிடைத்துவிடும்.

அச்சைத் திருப்பினால் கட்டம் மாறும் என்ற கருத்தின் வேர் நம் பக்கத்து ஊரான பெங்களூரில் இருக்கிறது. ராமன் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர் எஸ். பஞ்சரத்தினம், சர் சி.வி. ராமனின் சகோதரி மகன். 1956இல், 22 வயதில், தளவிளைவு நிலைகளை ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றிக்கொண்டு போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தாலும், போன பாதையைப் பொறுத்து ஒளியில் ஒரு கட்ட வேறுபாடு தங்கிவிடும் என்று காட்டினார். 1984இல் மைக்கேல் பெரி குவாண்டம் இயற்பியலில் இதே போன்ற கட்டத்தை விளக்கிய பிறகு, இயற்பியலாளர்கள் ராமசேஷனும் நித்யானந்தாவும் பஞ்சரத்தினத்தின் பழைய கட்டுரையை எடுத்துக்காட்டினார்கள். பெரியும் அதை ஏற்று எழுதினார். இன்று பஞ்சரத்தினம்–பெரி கட்டம் என்றுதான் பெயர். அதைப் பார்க்கப் பஞ்சரத்தினம் இல்லை. 1969இல், 35 வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்துவிட்டார். இந்தத் தகடுகளைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு முறையும் அவர் பெயரைச் சொல்லாமல் என்னால் நகர முடிவதில்லை.

முறுக்கிய ஒளி கோண உந்தத்தை, அதாவது சுழற்சிக்குரிய உந்தத்தை, சுமந்து செல்கிறது என்பதை 1992இல் நெதர்லாந்தின் லைடனில் ஆலனும் அவருடைய கூட்டாளிகளும் எடுத்துக்காட்டினார்கள். ஆரக்கால் தகட்டில் இந்தக் கணக்கு அழகாக நேராகிறது. ஒவ்வொரு ஒளித்துகளும் வலமிருந்து இடமாக மாறும்போது தன் சுழற்சியில் இரண்டு அலகு கோண உந்தத்தை விடுகிறது. சாதாரண அரை அலைத் தகடாக இருந்தால் அதைத் தகடு வாங்கிக்கொள்ள வேண்டும். 1936இல் பெத் என்பவர் குவார்ட்ஸ் தகட்டை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, ஒளியால் அது திரும்புவதை அளந்தே காட்டினார். ஆரக்கால் தகட்டிலோ, விட்ட இரண்டு அலகும் அப்படியே முறுக்காக ஒளியிலேயே தங்கிவிடுகிறது. தகட்டுக்கு எதுவும் போவதில்லை.

இதைச் செய்வது எப்படி? குவார்ட்ஸை அப்படி வளைத்து அடுக்க முடியாது. 2006இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் மர்ருச்சியும் கூட்டாளிகளும் திரவப் படிகத்தைக் கையில் எடுத்தார்கள். எல்சிடி திரையில் இருக்கும் அதே வகைப் பொருள். அதன் மூலக்கூறுகள் நீளமானவை, கண்ணாடியின் மேற்பரப்பை எந்தத் திசையில் தேய்த்து வைக்கிறோமோ அந்தத் திசையில் படுத்துக்கொள்ளும். கண்ணாடியைச் சுழற்றியபடி துணியால் தேய்த்தால் மூலக்கூறுகள் வட்டமாக வரிசை கட்டும். வட்டமாகப் படுத்தாலும் ஆரக்காலாகப் படுத்தாலும் அச்சு ஒரு சுற்றுதான் திரும்புகிறது, முறுக்கு எண்ணும் அதே 2தான். இதற்குக் 'க்யூ தகடு' என்று பெயர் வைத்தார்கள். அச்சு எத்தனை சுற்று திரும்புகிறது என்பதே க்யூ, முறுக்கு எண் அதைப் போல இரு மடங்கு. மின்னழுத்தம் கொடுத்து மூலக்கூறுகளை நிமிர்த்தலாம் என்பதால், ஒரே தகட்டைப் பல நிற லேசருக்கு அரை அலையாகச் சரிசெய்துகொள்ளும் வசதி பிறகு வந்தது.

இன்னொரு வகை 2011இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வந்தது. பெரெஸ்னா, கெசெவிசியஸ், கசான்ஸ்கி உள்ளிட்டோர் சிலிக்கா கண்ணாடிக்குள், மிக மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளி விடும் ஃபெம்டோ நொடி லேசரால் எழுதினார்கள். அந்தத் துடிப்புகள் பட்ட இடத்தில், ஒளியின் அலைநீளத்தைவிட நெருக்கமான வரிகள் கண்ணாடிக்குள்ளேயே தாமாக உருவாகின்றன. வரிகள் தனித்தனியாகத் தெரியாத அளவு நெருக்கம், ஆனால் அவை ஓடும் திசை ஒளிக்குத் தெரியும். எழுதும் லேசரின் தளவிளைவைத் திருப்பினால் வரியின் திசையும் திரும்பும். எனக்கு இது கண்ணாடிக்குள் பாய் நெய்வது போலத்தான் படுகிறது. திரவப் படிகம் தாங்காத வலுவான லேசரையும் இது தாங்கும்.

நடைமுறையில் ஒரு தொல்லை. தகடு மிகச் சரியாக அரை அலையாக இல்லாவிட்டால், ஒளியில் ஒரு பகுதி மாறாமல் அப்படியே வந்துவிடும். அது முறுக்கில்லாத ஒளி, நேராக நடு இருட்டில் வந்து விழும். ஆனால் அது பழைய திசையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், முறுக்கேறியது எதிர்த்திசையில் சுற்றும். எனவே பின்னால் ஒரு கால் அலைத் தகடும், ஒரு திசையில் ஆடும் ஒளியை மட்டும் விடும் போலராய்டும் வைத்தால், 3டி கண்ணாடி வேலை செய்வது போல, மாறாததை வடிகட்டிவிடலாம்.

வளையம் தெரிந்ததால் மட்டும் முறுக்கு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சாதாரண லேசர் ஒன்றைச் சற்றுச் சாய்வாக அதன்மேல் விழ வைத்தால் கோடு கோடாகக் குறுக்கீட்டுப் பட்டைகள் வரும். நடுவில் மட்டும் ஒரு பட்டை கவட்டைக் கம்பு போலக் கிளைத்திருக்கும். ஒன்று இரண்டாகக் கிளைத்தால் முறுக்கு எண் 1, ஒன்று மூன்றாகக் கிளைத்தால் 2.

பயன் பல இருந்தாலும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். விண்மீனுக்குப் பக்கத்தில் இருக்கும் கோளைப் படம் பிடிக்க விடாமல் தடுப்பது விண்மீனின் கூசும் ஒளி. தொலைநோக்கியில் சுழல் தகட்டை வைத்து, விண்மீனைச் சரியாக அதன் மையத்தில் நிறுத்தினால், அதன் ஒளி வளையமாகி வெளியே ஒதுங்கிவிடும், அங்கே ஒரு தடுப்பு வைத்து மறைத்துவிடலாம். மையத்தைவிட்டுத் தள்ளியிருக்கும் கோளின் ஒளி தப்பி வந்துவிடும். 2010இல் அமெரிக்காவின் பாலோமர் மலையின் 5 மீட்டர் தொலைநோக்கியில் 1.5 மீட்டர் பகுதியை மட்டும் பயன்படுத்தி, சுமார் 130 ஒளியாண்டு தொலைவில் உள்ள எச்ஆர் 8799 விண்மீனின் மூன்று கோள்களை இப்படிப் பிடித்தார்கள். அங்கே இருந்ததும் முறுக்கு எண் 2 தரும் இதே வகைத் தகடுதான்.

வீட்டிலேயே ஓர் ஆரக்கால் தகடு செய்து பார்க்கலாம். லேசர் வேண்டாம். பளபளப்பான செலோடேப் நீளவாக்கில் இழுத்துச் செய்யப்படுவதால் அதற்கும் கோரை போல ஒரு திசை உண்டு. போட்டோ ஃபிரேமிலிருந்து கழற்றிய கண்ணாடியில் (பிளாஸ்டிக் வேண்டாம், அதற்கே தனிக் குணம் இருக்கும்) 16 முக்கோணத் துண்டுகளை, டேப்பின் நீளம் ஆரக்கால் திசையில் இருக்கும்படி சக்கரமாக ஒட்டுங்கள். எல்சிடி லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்து அதன் முன் பிடியுங்கள். 3டி கண்ணாடியைத் திருப்பி, காதுக்கம்பி திரையைப் பார்க்கும்படி பிடித்து, வெறும் திரை கறுப்பாகும்வரை சுழற்றிவிட்டுச் சக்கரத்தைப் பாருங்கள். நான்கு கறுப்புக் கைகள், இடையில் நான்கு வெளிச்ச இதழ்கள். டேப் சரியான அரை அலை இல்லை என்பதால் இதழ்களில் நிறம் தட்டும்.

அக்கா மகள் சக்கரத்தை மெல்லச் சுற்றினாள். டேப் துண்டுகள் சுற்றின, கறுப்புக் கைகள் நின்ற இடத்திலேயே நின்றன. எந்தத் துண்டு அந்த இடத்துக்கு வந்தாலும் அதுவும் ஆரக்கால்தானே. அப்புறம் அச்சு அரைச் சுற்று மட்டும் திரும்பும் இரண்டாவது சக்கரத்தை அவளே வெட்டி ஒட்டினாள். அதில் கறுப்புக் கைகள் இரண்டே இரண்டு. சக்கரத்தை வலமாகச் சுற்றினால் அவை இடமாகச் சுற்றுகின்றன. ஏன் என்று நான் சொல்லவில்லை. பவுடர் டப்பாக் கண்ணாடியையும் தீக்குச்சியையும் அவள் மறுபடி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.